மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினது எங்க தப்புன்னு சொன்ன டாக்டருக்கும், தர்மபுரி மாவட்டத்துல மாத்திரை எழுதுற, எடுத்துக் குடுக்குற எல்லாருக்கும் ஒரு திறந்த மடல்

டாக்டர் சார், மேடம், மெடிக்கல் கடை வச்சிருக்கிற அண்ணன்களே,

நான் பாலக்கோடு பக்கத்துல ஒரு கிராமத்துக்காரி. ஓசூர்ல ஒரு கம்பெனியில லைன்ல வேலை, வாரத்துக்கு ஒருக்கா ஊருக்கு வருவேன். ஆடி கடைசியில எங்கம்மாவை 11 நாள் ஆஸ்பத்திரியில வச்சிருந்து உயிரோட வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். வந்த மூணாம் நாள், அம்மா ரெண்டு வருஷமா மூட்டு வலிக்குப் போய்ட்டிருந்த கிளினிக்குக்கு நான் போனேன். சண்டை போடப் போகலைங்க. அம்மாவுக்கு இத்தனை நாளா என்ன மாத்திரை குடுத்தீங்க, எத்தனை மில்லிகிராம், அதை மட்டும் ஒரு தாள்ல எழுதிக் குடுங்கன்னு கேட்கத்தான் போனேன், ஏன்னா ஆஸ்பத்திரியில அதைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அந்த டாக்டர் என்னை நிமிர்ந்துகூட பாக்கல. "யாரு நிறுத்தச் சொன்னது உங்களை? நிறுத்தினது உங்க தப்பு"ன்னு சொல்லிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். நான் எழுதிட்டுப் போன கடுதாசியையும் வாங்கல.

அந்த வார்த்தையைக் கேட்டுட்டு சும்மா இருக்க என்னால முடியல. அதனாலதான் இதை எல்லாருக்குமா எழுதுறேன்.

எங்கம்மாவுக்கு 58 வயசு. முப்பது வருஷமா தக்காளி பறிக்க, களை எடுக்க, மாங்கா சீசன்ல தோப்பு வேலைக்குன்னு போனவங்க. எங்க பக்கம் மூட்டு வலி இல்லாத வீடே கிடையாது, அது உங்களுக்கு நான் சொல்லித் தெரியணும்னு இல்ல. போர் தண்ணியில எலும்பையும் மூட்டையும் கெடுக்குற ஃப்ளோரைடு இருக்குன்னு கவர்மெண்டே ஒத்துக்கிட்டு, அதுக்காகவே ஒகேனக்கல் தண்ணி திட்டம் கொண்டாந்து 2013ல தொடங்கி வச்சாங்க. ஆனா அதுக்கு முன்னாடி அந்த போர் தண்ணியைக் குடிச்சே வளர்ந்த எலும்புங்க எங்கம்மாது. முட்டி பிடிச்சிக்கிட்டா ராத்திரி எழுந்து வெளிய போகக்கூட கையைப் பிடிச்சு விடணும். அப்பதான் யாரோ சொன்னாங்கன்னு அந்த கிளினிக்குக்குப் போனாங்க. ஒரு ஊசி, ஒரு வாரத்துக்குப் பொட்டலம், 150 ரூபா. மூணே நாள்ல அம்மா எழுந்து நடந்தாங்க. ஒரு வாரத்துல களை எடுக்கப் போயிட்டாங்க. நாங்க எல்லாரும் அந்த டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டோம், அது உண்மை, அதை மறைக்கல.

அந்தப் பொட்டலத்தைப் பத்தி கொஞ்சம் சொல்லணும். சின்ன வெள்ளைக் கவர், மேல சூரியன் படமும் நிலா படமும் போட்டிருக்கும், பேனாவால ரெண்டுலயும் ஒரு டிக். உள்ள ஒரு நாளைக்கு மூணு மாத்திரை, ஒண்ணு ரோஸ் கலர்ல பாதியா உடைச்சது, ஒண்ணு மஞ்சள் கேப்சூல், ஒண்ணு சட்டைப் பட்டனை விட சின்னதா வெள்ளை மாத்திரை. எல்லாம் பெரிய டப்பாவுல இருந்து எண்ணிப் போட்டது. அட்டை கிடையாது, பேர் கிடையாது, சீட்டு கிடையாது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, ஆனா சூரியனும் நிலாவும் தெரியும். ரெண்டு வருஷம் ஒரு வேளை தவறாம சாப்பிட்டாங்க.

நடுவுல அம்மா முகம் நல்லா உருண்டையா ஆச்சு. கல்யாண வீட்டுல பாக்குறவங்க எல்லாம் "அக்கா, பொண்ணு சம்பாதிக்க ஆரம்பிச்சதும் நல்லா பூசினாப்ல ஆயிட்ட"ன்னு சொல்லுவாங்க, அம்மாவும் சிரிச்சுக்குவாங்க. நானும் சந்தோஷப்பட்டேன். கையில எங்க இடிச்சாலும் நாவல் பழம் நசுங்கின மாதிரி கன்னிப் போகும், தோல் அவ்வளவு மெலிசா ஆயிருந்தது. சுகரும் வந்துச்சு. வயசாச்சுன்னா வர்றதுதானேன்னு விட்டுட்டோம்.

இந்த ஆடியில கிளினிக்ல ஷட்டர் சாத்தி, 10 நாள் விடுமுறைன்னு ஒரு அட்டையைத் தொங்க விட்டிருந்தாங்க. அம்மா கையில இருந்த பொட்டலம் வெள்ளிக்கிழமையோட தீந்துபோச்சு. வேற மெடிக்கல்ல வாங்கலாம்னா பேரே தெரியாது, எதைச் சொல்லி வாங்குறது? அம்மாவும் "வலிதான் இல்லையே, கொஞ்ச நாள் மாத்திரை இல்லாம இருந்து பாக்குறேன், உடம்புக்கும் நல்லதுதான்"னு சொல்லியிருக்காங்க. இதுல என்ன தப்பு இருக்குங்க? வலிக்குன்னு குடுத்தது, வலி இல்லன்னா விட்டுடலாம்னுதானே யாரும் நினைப்பாங்க.

ஞாயித்துக்கிழமை உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலி. திங்கக்கிழமை வாந்தி, பேதி. ஆடியில தண்ணி மாறினா வர்றதுதான்னு ஓம வாட்டர் குடுத்திருக்காங்க. செவ்வாக்கிழமை ராத்திரி களி கிண்ட உக்காந்தவங்களால துடுப்பைத் தூக்க முடியல, அப்படியே அடுப்புப் பக்கத்துல சாஞ்சுட்டாங்க. என் தம்பி ஆட்டோ பிடிச்சு தர்மபுரிக்குக் கூட்டிட்டுப் போனான், நான் ஓசூர்ல நைட் ஷிப்ட்ல இருந்து ஓடி வந்தேன். பிபி 70க்கு 40. ரத்தத்துல உப்பு, சோடியம்னு சொல்றாங்க, 135க்கு மேல இருக்க வேண்டியது 118. ட்ரிப்ஸ் ஏத்தியும் பிபி ஏறல. விஷக் காய்ச்சலோ, கிருமி ரத்தத்துல கலந்துடுச்சோன்னு பேசிக்கிட்டு இருந்தாங்க.

அப்ப ஒரு சின்னப் பொண்ணு, டாக்டருங்க, என்னை விட வயசு கம்மியா இருக்கும். அம்மா முகத்தைப் பாத்தாங்க, முழங்கையில தோலைப் பிடிச்சுப் பாத்தாங்க, கன்னிப் போன இடத்தைத் தடவிப் பாத்துட்டு என்கிட்ட கேட்டாங்க, "மூட்டு வலிக்குப் பொட்டலம் ஏதாவது சாப்பிட்டுட்டு இருந்தாங்களா? எப்ப நிறுத்துனாங்க?" எனக்கு ஒண்ணும் புரியல. வெள்ளிக்கிழமை தீந்துச்சுன்னு தம்பி சொன்னான். உடனே ஹைட்ரோகார்ட்டிசோன்னு ஒரு ஊசி, 100 மில்லிகிராம், நரம்புல போட்டாங்க. சலைனும் வேகமா ஏத்துனாங்க. விடியறதுக்குள்ள பிபி 100ஐத் தொட்டுச்சு. காலையில அம்மா கண்ணைத் திறந்து "ஆட்டுக்குத் தண்ணி வச்சீங்களாடா"ன்னு கேட்டாங்க.

அந்த டாக்டர் அப்புறம் எனக்குப் பொறுமையா சொன்னாங்க. கிட்னிக்கு மேல தொப்பி வச்ச மாதிரி ரெண்டு சுரப்பி இருக்கு, அது கார்ட்டிசால்னு ஒண்ணை தினமும் சுரக்குது, அது இல்லன்னா பிபி நிக்காது, உப்பு நிக்காது, ஒரு காய்ச்சல் பேதி வந்தாக்கூட உடம்பு தாங்காது. அந்தக் குட்டி வெள்ளை மாத்திரை பிரெட்னிசோலோனாவோ டெக்சாமெத்தசோனாவோ, அந்த மாதிரி ஒரு ஸ்டீராய்டாத்தான், அதாவது கார்ட்டிசால் மாதிரியே வேலை செய்யுற மருந்தாத்தான் இருக்கணும். முகம் உருண்டையானது, தோல் மெலிசாகிக் கன்னிப் போனது எல்லாம் அதாலதான். வெளிய இருந்து தினமும் ஸ்டீராய்டு வந்துக்கிட்டே இருந்தா அந்தச் சுரப்பி வேலையை விட்டுட்டுத் தூங்கிடும். மூணு நாலு வாரத்துக்கு மேல சாப்பிட்டாலே இந்த ஆபத்து இருக்கு, எங்கம்மா சாப்பிட்டது ரெண்டு வருஷம். திடீர்னு மாத்திரையை நிறுத்துனா உள்ள இருந்தும் வராது, வெளிய இருந்தும் வராது. அதுக்குத்தான் கொஞ்சம் கொஞ்சமா, வாரக்கணக்குல, சிலருக்கு மாசக்கணக்குல குறைச்சுக் கொண்டு வரணும். நடுவுல காய்ச்சல் வந்தாலோ ஆபரேஷன்னாலோ டோஸைக் கூட்டணும். இதை அந்த ரெண்டு வருஷத்துல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை எங்கம்மாகிட்ட யாராவது சொல்லியிருந்தா அவங்க ஷட்டர் முன்னாடியே படுத்துக் கிடந்தாவது மாத்திரையை வாங்கியிருப்பாங்க.

நான் இங்கிலீஷ் மருந்துக்கு எதிரி கிடையாது, ஸ்டீராய்டுக்கும் எதிரி கிடையாது. எங்கம்மாவைக் காப்பாத்தினதும் ஸ்டீராய்டு ஊசிதான். 1948ல முடக்குவாதத்துல படுத்துக் கிடந்தவங்களுக்கு இந்த மருந்தை முதல்முதலா குடுத்தப்ப எழுந்து நடந்தாங்க, அதைக் கண்டுபிடிச்சவங்களுக்கு 1950ல நோபல் பரிசு குடுத்தாங்கன்னு படிச்சேன், எங்கம்மா எழுந்து நடந்த மாதிரியேதான். மருந்து நல்ல மருந்துதான். அதுல ஏறி உக்கார வச்சவங்க எப்படி இறங்குறதுன்னு சொல்லாம விட்டதுதான் என்னால ஏத்துக்க முடியாதது.

இது எங்கம்மாவோட நிக்கல. எங்க சித்தப்பா பெங்களூர்ல கட்டட வேலை, மேஸ்திரி. பிரஷருக்கு அட்டினலால் சாப்பிடுறார். சைட்ல கான்கிரீட் போடுற வாரம் ஊருக்கு வர முடியல, மாத்திரை தீந்துபோச்சு, தலை வலி ஒண்ணும் இல்லையேன்னு நாலு நாள் விட்டுட்டார். அஞ்சாவது நாள் நெஞ்சு படபடன்னு அடிச்சு, மார்ல கல்லை வச்ச மாதிரி இருக்குன்னு சாரத்துலயே உக்காந்துட்டார். அங்க இருந்த ஆஸ்பத்திரியிலதான் சொல்லியிருக்காங்க, இந்த மாத்திரையை மட்டும் பட்டுனு நிறுத்தவே கூடாது, இதயம் முன்னை விட வேகமா திருப்பி அடிக்கும், ஹார்ட் அட்டாக்கே வரலாம், குறைச்சுத்தான் நிறுத்தணும்னு. அவர் அந்த மாத்திரையை ஆறு வருஷமா சாப்பிடுறார். ஆறு வருஷத்துல அதைக் கேள்விப்பட்டது அன்னிக்குத்தான்.

இன்னொண்ணு சொல்ல வேண்டாம்னு பாத்தேன், ஆனா சொல்லாம இருக்க முடியல. எங்க தெருவுல ஒரு பொண்ணு, சின்ன வயசுல இருந்து வலிப்புக்கு மாத்திரை. பொண்ணு பாக்க வர்றாங்கன்னு, அவங்க கண்ணுல மாத்திரை படக்கூடாதுன்னு வீட்டுலயே எடுத்து ஒளிச்சு வச்சுட்டாங்க. மூணு வருஷமா வலிப்பே வரல, இனி எதுக்குன்னு ஒரு நினைப்பு. பத்து நாள்ல வலிப்பு வந்து நிக்கவே இல்ல, ஒண்ணு முடியறதுக்குள்ள அடுத்தது. பிழைச்சுட்டா, ஆனா இப்ப பேச்சு பழைய மாதிரி இல்ல. அந்த அம்மா அப்பாவை நீங்க திட்டலாம், திட்டவும் செஞ்சாங்க. ஆனா வலிப்பு வராம இருக்குறதே மாத்திரையாலதான், கல்யாணம் குழந்தைன்னு பேச்சு எடுத்தாலே முதல்ல எங்கிட்ட வாங்க, வேற மாத்திரைக்கு மாத்தணுமான்னு பாக்குறேன், நீங்களா நிறுத்தாதீங்கன்னு அவங்களை உக்கார வச்சுச் சொன்னது யாரு?

உங்க சைடும் எனக்குத் தெரியும். ஒரு நாளைக்கு நூறு பேர் வர்றாங்க, வரிசை வாசலைத் தாண்டி நிக்குது, ஒவ்வொருத்தர்கிட்டயும் கதை சொல்ல நேரம் இல்ல. "தொடர்ந்து சாப்பிடுங்க"ன்னு எல்லாரும்தான் சொல்றீங்க. ஆனா அது காதுல விழறது "நல்லா சாப்பிடுங்க, நல்லா தூங்குங்க"ங்கிற மாதிரிதான். எது ஒரு நாள் விட்டா பரவாயில்ல, எது விட்டா உயிருக்கு ஆபத்துன்னு எங்களுக்குப் பிரிச்சுத் தெரியல. காய்ச்சல் மாத்திரையும் அதே கவர், வலிப்பு மாத்திரையும் அதே கவர். இதயத்து ரத்தக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட்னு சின்னக் குழாய் வச்சவங்களுக்குக் குடுக்குற குளோபிடோகிரெல்லை அவங்களா நிறுத்துனா வச்ச குழாயே அடைச்சுக்கலாம்னு எத்தனை பேருக்குத் தெரியும்? மனசுக்குக் குடுக்குற மாத்திரை, தூக்கத்துக்குக் குடுக்குற அல்பிரசோலாம் எல்லாம் பட்டுனு விட்டா தலை சுத்தல், நடுக்கம், சில பேருக்கு வலிப்புகூட வரும். அதை நோய் திரும்பி வந்துடுச்சுன்னு நினைச்சு மந்திரிக்கக் கூட்டிட்டுப் போறவங்களை நான் பாத்திருக்கேன்.

விடுறது ஆபத்துன்னா, விடாம சாப்பிடுறதும் சில நாள் ஆபத்து, அதையும் யாரும் சொல்றதில்ல. இப்ப புரட்டாசி. சனிக்கிழமை விரதம்னு சோறு தொடாம சுகருக்கு கிளிமிபிரைடு மட்டும் போட்டுக்கிட்டு கோயில் வரிசையில மயங்கி விழுறாங்க. சாப்பாடு இல்லாத நாள் எந்த மாத்திரையை என்ன செய்யணும்னு விரதத்துக்கு முன்னாடியே கேட்டுக்கங்கன்னு ஒரு வார்த்தை போதும். ஒரு வேளை மறந்துட்டா அடுத்த வேளைக்கு ரெண்டா போடக்கூடாதுங்கிறதுகூட எங்கம்மாவுக்கு இந்த 11 நாள்லதான் தெரிஞ்சுது.

மெடிக்கல் கடை அண்ணன்களுக்கும் சொல்லணும். பத்து மாத்திரை அட்டையில நாலு கேட்டா கத்தரியால வெட்டிக் குடுக்குறீங்க, பேரும் தேதியும் உள்ள பக்கம் உங்க கடையிலயே நின்னுடுது. எங்க கைக்கு வர்றது வெறும் வெள்ளித் தாள். 2015ல வந்த பார்மசி பிராக்டிஸ் விதியில, மருந்து குடுக்கும்போது என்ன மருந்து, எத்தனை நாள், ஒரு வேளை விட்டுப் போனா என்ன செய்யணும்னு நோயாளிக்குச் சொல்லணும்னு எழுதியே இருக்கு. இந்த ஊர்ல எந்தக் கவுண்டர்லயாவது அதைக் கேட்டிருக்கேனான்னு யோசிச்சுப் பாத்தேன், ஞாபகத்துக்கு ஒண்ணும் வரல.

இதெல்லாம் நடக்காத காரியம்னு சொல்லாதீங்க. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி நம்ம பக்கத்து மாவட்டத்துலதான், கிருஷ்ணகிரி சாமனப்பள்ளியிலதான் ஆரம்பிச்சாங்க. எங்க ஊருக்கும் ஒரு அக்கா பையைத் தூக்கிட்டு வர்றாங்க, பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை குடுத்துட்டு பிபி பாத்துட்டுப் போறாங்க. அம்மா வீட்டுக்கு வந்தப்புறம் அந்த அக்கா தெருவுல ஏழு வீட்டுல உக்காந்து "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க, எடுத்துட்டு வாங்க"ன்னு கேட்டாங்க. மூணு வீட்டுல அதே சூரியன் நிலா கவர். பேர் இல்லாத அதே குட்டி வெள்ளை மாத்திரை. அந்த மூணு பேர்ல ஒருத்தர்கூட இன்னைக்கு வரைக்கும் அதை நிறுத்தல, நிறுத்தவும் வேண்டாம், முதல்ல பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கன்னு நான்தான் சொல்லி அனுப்பியிருக்கேன். இந்த மடலைப் படிக்கிறவங்களுக்கும் அதேதான், பயந்துபோய் இன்னைக்கே மாத்திரையைத் தூக்கிப் போட்டுடாதீங்க.

இப்ப நான் கேக்குறது.

பேர் இல்லாத மாத்திரையைக் குடுக்காதீங்க. உங்க டப்பாவுல இருந்தே குடுத்தாலும் ஒரு சீட்டுல மருந்தோட பேர், மில்லிகிராம் எழுதுங்க, எங்க தம்பி மாதிரி பத்தாவது படிச்சவன் படிக்கிற மாதிரி எழுதுங்க. அந்தச் சூரியன் நிலா கவர்ல கீழ இவ்வளவு இடம் காலியாத்தானே கிடக்கு, அங்க தமிழ்ல ஒரு வரி அச்சடிங்க, "இதைத் திடீர்னு நிறுத்தக் கூடாது"ன்னு. படிக்கத் தெரியாதவங்களுக்கு ஒரு சிவப்புக் கை படம் போடுங்க. ஸ்டீராய்டு, வலிப்பு மாத்திரை, அட்டினலால் மாதிரி உள்ளது, ஸ்டென்ட் மாத்திரை, தூக்க மாத்திரை, மனநல மாத்திரை, இதுக்கு மட்டும் போட்டாலே பாதி பேர் பிழைச்சுக்குவாங்க.

மூணு வாரத்துக்கு மேல ஸ்டீராய்டு குடுத்தா அவங்க கையில ஒரு அட்டை குடுங்க, நான் ஸ்டீராய்டு சாப்பிடுறவன்னு. இங்கிலாந்துல 2020ல இருந்து அப்படி ஒரு அவசர அட்டை இருக்கு. எங்கம்மா சேலை முடிச்சுல அது இருந்திருந்தா அந்த ராத்திரி ரெண்டு மணி நேரம் வீணாப் போயிருக்காது.

கிளினிக்கை மூடுறதுன்னா மூடுற நாளுக்கும் சேத்துப் பொட்டலத்தைக் குடுத்துட்டு மூடுங்க, இல்லன்னா வேற எங்க போய் வாங்கணும்னு அந்த விடுமுறை அட்டையிலயே எழுதுங்க. கட்டட வேலைக்குப் பெங்களூர் போறவங்களுக்கு ரெண்டு மாசத்துக்கு மாத்திரை குடுங்க. மெடிக்கல் அண்ணன்களே, பேர் இருக்கிற பக்கத்தைச் சேத்து வெட்டுங்க, முடியலன்னா கவர்ல எழுதுங்க.

கடைசியா, என்னைத் திருப்பி அனுப்புன டாக்டருக்கு. உங்க பேரை நான் எங்கயும் சொல்லல, சொல்லப் போறதும் இல்ல. நோயாளியோட ரெக்கார்டு கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள குடுக்கணும்னு மருத்துவக் கவுன்சில் 2002ல போட்ட விதியில இருக்கு. அம்மாவுக்கு இப்ப ஆஸ்பத்திரியில மாத்திரையை எழுதிக் குடுத்து கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக்கிட்டு வர்றாங்க, எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம்ல இருந்தாங்கன்னு தெரியாம கண்ணைக் கட்டிக்கிட்டுத்தான் குறைக்கிறாங்க. கடுதாசியை வாங்க மாட்டேன்னீங்க, இதையே கடுதாசியா எடுத்துக்கங்க. ரெண்டு வருஷம் எங்கம்மாவுக்கு என்னென்ன குடுத்தீங்க, என்ன டோஸ், எப்பல இருந்து, ஊசியில என்ன இருந்துச்சு, ஒரு தாள்ல எழுதி கையெழுத்துப் போட்டு வைங்க. அடுத்த புதன்கிழமை எனக்கு வார லீவு. காலையில பத்து மணிக்கு வந்து டோக்கன் போட்டு வாங்கிக்கிறேன்.